இல்லாத வளையம்

லேபில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாயம் போடும் அக்கா என்பது நாளடைவில் தேய்ந்து சாயக்கா ஆகியிருந்தது. பெரிய மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் பத்தொன்பது வருடமாக வேலை. நோயாளிகளின் உடம்பிலிருந்து கிள்ளி எடுத்து வரும் சதைத் துணுக்குகளை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, ஸ்லைடில் ஒட்டி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றி மேல்மாடிக்கு அனுப்புவாள். அங்கே டாக்டர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று எழுதுவார்கள். அவள் நகக்கண்ணில் ஏறியிருந்த சிவப்பு எந்த சோப்புக்கும் மசிந்ததில்லை.

ஒரு துணுக்கிலிருந்து நூற்றுக்கணக்கில் சீவல் எடுக்கலாம். டாக்டர்கள் பார்ப்பதோ நாலைந்துதான். மிச்சத்தில் என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குறையைப் போக்கத்தான் இரண்டு வருடத்துக்கு முன் புது மெஷின் வந்தது. துணுக்கை ஒரு திரவத்தில் ஊறவைத்தால் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். அதன் ஊடாகத் தாள் போன்ற ஒளியைச் செலுத்தி அடுக்கடுக்காகப் படமெடுத்தால், சீவாமலே முழுத் துணுக்கும் கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். திருப்பிப் பார்க்கலாம், உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியே வரலாம். ஆனால் படம் சாம்பல் நிறத்தில் இருக்கும். சாம்பலைப் பார்த்து நோய் சொல்ல டாக்டர்களின் கண் பழகவில்லை. அதனால் சாயம் போடும் வேலையையும் கம்ப்யூட்டருக்கே கற்றுக்கொடுக்க முடிவு செய்தார்கள்.

கற்றுக்கொடுக்கும் பொறுப்பு சாயக்காவிடமும் ஒரு புரோகிராம் எழுதுபவரிடமும் வந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேஜையெல்லாம் தேடுகிறவர் என்பதால் அவருக்குக் கண்ணாடி என்றே பெயர். ஒரு பக்கம் சாம்பல் படம். மறுபக்கம் அதே இடத்தைச் சீவி நிஜச் சாயம் போட்ட படம். இப்படி நானூறு ஜோடி தயாரிக்க வேண்டும். இரண்டும் ஒரே இடம்தானா என்று சாயக்கா பார்த்து, டிக் போட்டு, கையெழுத்திட வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டர் சாயம் போடக் கற்றுக்கொள்ளும்.

முக்கியமானது ஒரு பழுப்புச் சாயம். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்குள் சின்னச் சின்னக் குழல்கள் உண்டு. நல்ல குழலைச் சுற்றி ஒரு வரிசை செல்கள் வேலி கட்டினாற்போல் நிற்கும். அந்தச் சாயத்தைப் போட்டால் வேலி மட்டும் பழுப்பு வளையமாகத் தெரியும். புற்று வந்த குழலுக்கு வளையம் இருக்காது. சந்தேகமான கேஸ்களில் டாக்டர்கள் தேடுவது அதைத்தான்.

முதல் இருநூற்று அறுபது ஜோடியை சாயக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சீவும்போது சதை சுருளும், நகரும், சில நேரம் பக்கத்துக் குழலின் வளையம் இந்தக் குழலின் மேல் வந்து விழும். அப்படிப்பட்டவற்றைத் தூக்கி எறிந்தாள். கடைசி நூற்று நாற்பதுக்கு வந்தபோது கெடு முடிய மூன்று நாள்தான் இருந்தது. திட்டத்தின் தலைவரான பெரிய டாக்டர் நேரே கீழே இறங்கி வந்தார்.

"டிக் போட்டுக் குடுத்துடும்மா. பத்து, இருபது தப்பா இருந்தா என்ன? மெஷின் அதுவா சரி பண்ணிக்கும்."

"ஒரு வாரம் குடுத்தீங்கன்னா முழுசாப் பார்த்துடுவேன், சார்."

"ஒரு வாரம் என் கையில இல்லியேம்மா."

அன்று அவள் மகளுக்குப் பரீட்சை. மனமெல்லாம் அந்தப் பரீட்சை ஹாலில் இருந்தது. ஒரே மத்தியானத்தில் நூற்று நாற்பது டிக், நூற்று நாற்பது கையெழுத்து. வீட்டுக்குப் போகும்போது மனம் லேசாக இருந்தது என்பதைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை.

மெஷின் நன்றாகவே கற்றுக்கொண்டது. சோதனை முறையில் நோயாளிகளுக்கும் பயன்படுத்த அனுமதி வந்தது. சந்தேகக் கேஸ்களுக்கு நிஜமான பழுப்புச் சாயம் போடுவது நின்றது. மெஷின் வரைந்த வளையத்தைப் பார்த்தே மேல்மாடியில் இருந்த டாக்டரம்மா ரிப்போர்ட் எழுதினார். சாயக்காவை இருட்டறைக்கு மாற்றினார்கள். வெளிச்சம் புகக் கூடாது என்று அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். நடுவே ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம். உள்ளே போனால் நாள் முழுக்க அவளும் அந்தத் திரையும்தான்.

ஒரு நாள் காலை ஒரு படத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது துணுக்கின் ஓரத்தில் ஒரு வட்டம் கண்ணில் பட்டது. பார்த்ததுமே தெரிந்தது, காற்றுக்குமிழி. திரவத்தில் ஊறும்போது அப்படி ஒன்றிரண்டு மாட்டிக்கொள்வது வழக்கம். அதில் சதையும் இல்லை, செல்லும் இல்லை, வெறும் காற்று. ஆனால் அதைச் சுற்றி ஒழுங்காக, அழகாக, ஒரு பழுப்பு வளையம் இருந்தது.

அவள் வண்ணத்தை அணைத்துப் பார்த்தாள். வெறும் குமிழி. போட்டுப் பார்த்தாள். வளையம். கம்ப்யூட்டர் கண்டுபிடித்து வரையவில்லை; வட்டமாக எதைப் பார்த்தாலும் வளையம் போடப் பழகியிருந்தது. வளையமே இல்லாத குழலுக்கும் பக்கத்து வளையத்தை ஒட்டவைத்த ஜோடிகளைப் பார்த்து அப்படிப் பழகியிருக்கிறது. அந்த ஜோடிகள் எந்த நூற்று நாற்பதில் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாமலா?

கண்ணாடியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஒரே ஒரு குமிழிதானேக்கா?"

"காத்துக்கே வேலி கட்டுதுன்னா, புத்து வந்த குழலை விட்டுவைக்குமா?"

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் துடைத்தார். "இதை நிறுத்தணும்னா எந்த ஜோடி தப்புன்னு சொல்லணும். எல்லாத்துலயும் உங்க கையெழுத்து இருக்கு. நான் உங்களை மாட்டிவிடணும். இல்லேன்னா நீங்களே மாட்டிக்கணும்." குரல் தாழ்ந்தது. "எனக்கு இரட்டைப் பிள்ளைங்க பிறந்து நாலு மாசம்தான் ஆகுது. நான் இதைப் பார்க்கலன்னே வச்சுக்கோங்கக்கா."

அவர் போன பிறகு அவளும் எழுந்தாள். உள்கதவு பின்னால் மூடியது. வெளிக்கதவின் பிடியில் கை வைத்தவள் திறக்காமல் அந்தச் சின்ன இருட்டில் நின்றாள். வெளியே போய் யாரிடம் சொல்வது? உள்ளே திரும்பி எதைப் பார்ப்பது? வெளியில் யாரோ கதவைத் தட்டி, "உள்ள ஆள் இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் திறந்தாள்.

மறுநாள் பெரிய டாக்டரைப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், பொறுமையாகக் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். நானூறு கையெழுத்து. கடைசிப் பக்கங்களில் அவசரத்தில் கோணலாகிப் போனவை.

"நான் வாயால சொன்னேன். நீ எழுத்துல குடுத்திருக்க. நாளைக்கு விசாரணைன்னு வந்தா எதை எடுத்துப் பார்ப்பாங்க?"

அவள் ஃபைலை மூடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பயமுறுத்துறேன்னு நினைக்காத. அடுத்த பதிப்புல சரி பண்ணிடுவோம். ஆறு மாசம். உன் நிரந்தர வேலை ஆர்டர்கூட என் மேஜையிலதான் இருக்கு. பத்தொன்பது வருஷம் ஒப்பந்தத்துலயே ஓட்டிட்ட, பாவம்." டீ ஆறுவதைக் காட்டினார். "குடிம்மா."

அவள் குடித்தாள்.

வீட்டில் கணவர் தண்ணீர் பம்ப் ரிப்பேர் செய்கிறவர். வாசலில் பிரித்துப் போட்ட மோட்டார் எப்போதும் ஒன்று கிடக்கும். அன்று அவள் அதில் இடறி விழப்போனாள்.

"மோட்டாருக்கு வலிச்சிருக்கும், பார்த்து நட," என்றார். அவள் சிரிக்கவில்லை என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "என்னம்மா, முகம் செத்துக் கிடக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. தலைவலி."

"தலைவலிக்கு இப்படி இருக்காது உன் முகம்."

நோயாளிகளைப் பற்றி வெளியே மூச்சு விட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அதை மீறாமலே அவரிடம் சொல்லியிருக்கலாம். தன் பங்கைச் சொல்ல வேண்டிவரும் என்பதால்தான் சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையில் படித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து, "அம்மா, இதோட மூணாவது தடவையாக் கை கழுவுற," என்றாள்.

அவளுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. படமெடுத்த பிறகு துணுக்குகளை எறிவதில்லை. திரவத்தைக் கழுவிவிட்டுப் பழையபடி மெழுகில் பதித்து, எண் போட்டு அலமாரியில் வைப்பது வழக்கம். வைப்பவளும் அவள்தான். மெஷினின் வளையத்தை நம்பி 'பயப்பட ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட் போனவை மொத்தம் முப்பத்தெட்டு. மதிய சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் கேன்டீனுக்குப் போனதும் தினம் இரண்டை எடுத்தாள். பழைய கத்தி, பழைய மேஜை. காலாவதியாக இன்னும் ஏழு வாரம் இருந்த பழுப்புச் சாயப் புட்டி. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. 'கடவுளே, இதுக்கு இருக்கட்டும்' என்று ஒவ்வொரு ஸ்லைடுக்கும் வேண்டிக்கொண்டாள். ஒவ்வொன்றாக வளையம் வந்துகொண்டே இருந்தது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ஒருவேளை தப்பு அந்தக் குமிழியோடு நின்றுவிட்டதோ என்றுகூட நினைக்கத் தொடங்கினாள்.

இருபத்தாறாவதில் வளையம் இல்லை. சாயம் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று மறுபடி போட்டாள். பக்கத்து நல்ல குழல்களெல்லாம் பளிச்சென்று பழுப்பாக நிற்க, நடுவில் ஒரு கொத்துக் குழல்கள் வேலியில்லாமல் திறந்து கிடந்தன. முப்பத்து நாலாவதும் அப்படியே. மிச்ச நாலிலும் வளையம் இருந்தது.

இரண்டு பேர்.

அதற்குப் பிறகு அவள் செய்ததைச் சொல்வது கஷ்டம், ஏனென்றால் அவள் எதுவும் செய்யவில்லை. ஸ்லைடுகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் தன் லாக்கரில் வைத்தாள். நாளைக்கு என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள். பஸ்ஸில் ஐம்பது, அறுபது வயது ஆண்கள் எதிரில் உட்கார்ந்தால் தலையைக் குனிந்துகொண்டாள். பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் பெரிய டாக்டர் படிக்கட்டில் அவளைப் பார்த்துச் சிரித்து, "ஆர்டர் கையெழுத்தாயிடுச்சு, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கோ," என்றார். அவள் நன்றி சொன்னாள். நன்றி என்ற சொல் தன் வாயிலிருந்து வந்ததை அவளாலேயே பொறுக்க முடியவில்லை. கழிவறையில் முகத்தைக் கழுவிவிட்டு, லாக்கரைத் திறந்து, டப்பாவை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனாள்.

டாக்டரம்மா ரிப்போர்ட் எழுதும் அறையில் தனியாக இருந்தார். முதுகுவலிக்காரர், எங்கே போனாலும் சொந்தத் தலையணையோடு போவார். சாயக்கா ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார்.

"புத்துதான். சந்தேகமே இல்ல. யாரோடது?"

எண்ணைச் சொன்னாள். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் அந்த எண்ணைத் தேடினார். தான் கையெழுத்திட்ட ரிப்போர்ட்டையே படித்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"முழுசாச் சொல்லு."

சொன்னாள். மத்தியானத்து டிக், குமிழி, ஃபைல், டீ, எதையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் பாராட்டு வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை; வரவும் இல்லை.

"இதைக் கண்டுபிடிச்சு எத்தனை நாளாச்சு?"

"பதினோரு நாள், டாக்டர்."

"பதினோரு நாள்!" டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. "அந்த மனுஷங்க ரெண்டு பேரும் ஒண்ணுமில்லன்னு நிம்மதியாத் திரிஞ்சிட்டிருக்காங்க. நீ லாக்கர்ல வச்சுப் பூட்டியிருக்க." சட்டென்று நிறுத்தி, நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நானும்தான். படம் அழகா இருந்துச்சு. நிஜச் சாயம் போடுன்னு ஒரு தடவைகூட நான் கேக்கல."

அன்று மாலைக்குள் சோதனை நிறுத்தப்பட்டது. முதல் நோயாளி மறுநாளே வந்தார், ஓய்வுபெற்ற பள்ளி வேன் டிரைவர். மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்ததை சாயக்கா தூரத்திலிருந்து பார்த்தாள். இரண்டாமவரின் போன் உபயோகத்தில் இல்லை. அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது.

விசாரணைக் குழு மூன்று பேர். "டெக்னீஷியன் கையெழுத்தை நம்பினேன்," என்றார் பெரிய டாக்டர். சொன்ன அளவில் அது உண்மைதான். கண்ணாடி தனக்குப் படங்கள் மட்டும்தான் தெரியும் என்றார். சாயக்கா தான் செய்ததைச் சொன்னாள். பெரிய டாக்டர் தன்னிடம் சொன்னதையும் சொன்னாள். ஒன்றுக்குக் கையெழுத்து இருந்தது, மற்றதற்கு இல்லை. பெரிய டாக்டர் பதவி மாறாமல் அதே நாற்காலியில் தொடர்ந்தார். வெள்ளிக்கிழமை ஆர்டர் வரவில்லை. வேலையை விட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். அதையும் ஏற்கவில்லை. அந்த நூற்று நாற்பது ஜோடியையும் திரும்பத் தயாரிக்க அவளை விட்டால் ஆளில்லை என்றும், முடிக்கும் வரை ஒப்பந்தப்படி போக முடியாது என்றும், அதுவரை நோயாளிகளின் புதுத் துணுக்கு எதையும் தொடக் கூடாது என்றும் எழுதித் தந்தார்கள். மறுபடியும் இரண்டு கதவுக்குள் அந்த அறை.

அன்றுதான் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அந்த ரெண்டாவது ஆளு கிடைச்சாரா?"

"இல்லீங்க."

"அப்ப முதல்ல அவரைத் தேடு. மத்ததை அப்புறம் அழுதுக்கலாம்."

டாக்டரம்மாவிடம் அனுமதியும் கடிதமும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த முகவரிக்குப் போனாள். நாலு மாடிக் கட்டிடத்தில் மூன்றாவது மாடி. கதவில் பூட்டு. எதிர்வீட்டுப் பெண் கதவை ஒரு சாண் திறந்து, யார், எதற்கு என்று துருவினாள். ஆஸ்பத்திரிக் கடிதம் என்பதற்கு மேல் சாயக்காவால் சொல்ல முடியவில்லை. "அவர் வெல்டர். கப்பல் கட்டுற இடத்துல வேலை, மாசக்கணக்குல வர மாட்டார்," என்ற அந்தப் பெண் கடைசியில் மனமிரங்கி மேஸ்திரியின் நம்பரைத் தேடிக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து வெல்டர் வந்தார். அகன்ற கை, புருவத்தில் பழைய தீப்பொறித் தழும்பு. டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார்; நோய் இன்னும் சுரப்பியைத் தாண்டவில்லை, வியாழக்கிழமை ஆபரேஷன் செய்து குணப்படுத்தலாம் என்றும் சொன்னார். வெல்டர் கேட்டுவிட்டு, "அந்தப் படத்தை நான் பார்க்கணும்," என்றார். திரையை இயக்க சாயக்காவை வரவழைத்தார்கள்.

"நாங்க பத்த வச்ச இணைப்பைக்கூட மேலால பார்த்து ஓகே சொன்னா விட மாட்டாங்க. எக்ஸ்ரே எடுப்பாங்க," என்றார் திரையைப் பார்த்தபடி. "இதுல எது என்னோடது, எது மெஷின் போட்டது?"

சாயக்கா வண்ணத்தை அணைத்தாள். "இந்தச் சாம்பல்தாங்க உங்களோடது." மறுபடி போட்டாள். "இந்த நிறமெல்லாம் மெஷின் போட்டது. வளையமும்." பிறகு நிஜ ஸ்லைடின் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். "இது கையால சாயம் போட்டது. பாருங்க, இந்த இடத்துல வளையம் இல்ல."

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மெஷினுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"அது ஒரு பெரிய குழுங்க, நிறையப் பேர்..." என்று டாக்டரம்மா தொடங்கினார்.

"நான்தான்," என்றாள் சாயக்கா. "நூத்தி நாப்பது படத்தைப் பார்க்காமலே சரின்னு கையெழுத்துப் போட்டேன். உங்களுக்கு நோய் இருக்குன்னு தெரிஞ்ச பிறகும் பதினோரு நாள் சொல்லல."

திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார், நகங்கள் வரை. பிறகு நாற்காலியை டாக்டரம்மா பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வியாழக்கிழமை வெறும் வயித்துலயா வரணும்?"

"ஆமா. காலையில ஏழு மணிக்கு."

எழுந்து பையை எடுத்துக்கொண்டு போனார். சாயக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அதன் பிறகும் பேசவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பதும், வேன் டிரைவருக்கு மருந்திலேயே சமாளிக்கிறார்கள் என்பதும் டாக்டரம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

நூற்று நாற்பதாவது ஜோடியை முடிக்க மூன்று மாதம் ஆனது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தாள். தப்பான முப்பத்தொன்றை எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவிச் சேர்த்தாள். கடைசிக் கையெழுத்தைப் போட்டு ஃபைலை மூடியபோது கண்ணாடி உள்ளே வந்தார். கையில் ஒரு காகிதம். அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் வைத்தார்.

"அக்கா, அடுத்தது சிறுநீரகம். அறுநூறு ஜோடி. இந்தத் தடவை ஒண்ணுவிடாமப் பார்க்கணும்னு குழு சொல்லியிருக்கு. பார்க்கத் தெரிஞ்ச ஆள் நீங்கதான்னும் சொல்லிட்டாங்க. ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டியிருக்காங்க."

"நான் போறேன்னு எழுதிக் குடுத்தது?"

"அதுக்கும் இதுலயே பதில் இருக்கு. இப்பவும் ஏத்துக்கல."

அவள் காகிதத்தைக் கடைசி வரி வரை படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து தொடங்குவதாகச் சொன்னாள்.